முதல் முறை சொகுசு கப்பலில் போறீங்களா? பெட்டி கட்டும் முன் இதைப் படிங்க!

சென்னை:
பஸ்சை விட்டால் அடுத்த பஸ் வரும். ரெயிலை விட்டால் கூட அடுத்த பெரிய ஸ்டேஷனில் போய் பிடித்து விடலாம். ஆனால் கப்பலை விட்டால் அவ்வளவுதான். கட்டிய பணமும் அதோடு போய் விடும். அதேபோல் வீட்டில் மறந்து வைத்த சுகர் மாத்திரையை நடுக்கடலில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் வாங்க முடியாது.

ஒரு காலத்தில் சொகுசு கப்பல் என்றால் சினிமாவில் பார்த்ததோடு சரி. இப்போது அப்படி இல்லை. சீட்டு எடுத்து, போனஸ் பணம் சேர்த்து, குடும்பத்தோடு ஒரு முறையாவது போய் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெருகி விட்டார்கள். ஆனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கட்டுவது போல பெட்டி கட்டிக் கொண்டு போனால் துறைமுகத்திலேயே சிக்கல் ஆரம்பமாகி விடும்.

சென்னைக்கு வந்த கப்பல்

சென்னையில் இருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசு கப்பல் பயணத்தை 2022-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் கொடியசைத்து தொடங்கி வைத்தார். 1990-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் கட்டப்பட்ட கப்பல் இது. 11 அடுக்கு. நீளம் சுமார் 210 மீட்டர். நீச்சல் குளம், தியேட்டர், ஓட்டல்கள் எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

2023-ம் ஆண்டு ஜூன் 5-ந்தேதி சென்னை துறைமுகத்தில் சர்வதேச சொகுசு கப்பல் முனையம் திறக்கப்பட்டது. அன்றே இதே கப்பல் அங்கிருந்து இலங்கைக்கு புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்கள் அந்த பயணத் திட்டத்தில் இடம்பெற்றன.

இங்கே ஒரு குழப்பத்தை தீர்த்துக் கொள்ள வேண்டும். சென்னையில் இருந்து அந்தமான் போகிற அரசு கப்பலும், நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய கப்பலும் பயணிகள் கப்பல்கள். ஊர் போய் சேருவதற்கானவை. சொகுசு கப்பல் என்பது அப்படி அல்ல. கப்பலே ஓட்டல், கப்பலே சுற்றுலா தலம். ஆண்டு முழுவதும் சென்னையில் இருந்து புறப்படுவதும் இல்லை. சீசனுக்கு ஏற்ப அட்டவணை மாறும்.

தலைக்கு எவ்வளவு? முதலில் கணக்கு

விளம்பரத்தில் போடும் கட்டணம் பெரும்பாலும் ஒரு ஆளுக்கானது. அதுவும் ஒரு அறையில் 2 பேர் தங்குகிற கணக்கில் போட்டிருப்பார்கள். தனி ஆளாக ஒரு அறை எடுத்தால் கூடுதலாக கட்ட வேண்டி வரும்.

உதாரணத்துக்கு தலைக்கு ரூ.20 ஆயிரம் என்று விளம்பரம் என்றால், 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு ரூ.80 ஆயிரம் ஆச்சு என்று முடிவு கட்டி விடக்கூடாது. துறைமுக கட்டணம், சர்வீஸ் சார்ஜ், வரி எல்லாம் அதற்கு மேல் வரலாம். "எல்லாம் சேர்த்து கடைசியா எவ்வளவு?" என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக் கொண்ட பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

பொது உணவகத்தில் 3 வேளை சாப்பாடு பொதுவாக டிக்கெட்டிலேயே அடங்கி விடும். ஆனால் கூல்டிரிங்ஸ், மதுபானம், ஸ்பெஷல் ஓட்டல், மசாஜ், போட்டோ, இன்டர்நெட் இதற்கெல்லாம் தனிக் காசு. பெரும்பாலான கப்பல்களில் கையில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அறைச் சாவியாக தரும் கார்டை தேய்த்தால் போதும், கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இறங்கும் நாளில்தான் மொத்த பில் வரும். பிள்ளைகள் கையில் கார்டை கொடுத்து விட்டு அப்புறம் தலையில் கை வைத்துக் கொள்ளக்கூடாது. தினமும் ராத்திரி கணக்கை ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஏஜெண்டு மூலம் டிக்கெட் எடுத்தால், அவர் தரும் புக்கிங் நம்பர் உண்மைதானா என்று கப்பல் நிறுவனத்திடம் நேரடியாக விசாரித்துக் கொள்ள வேண்டும். ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் முக்கியம். புறப்படும் தேதி நெருங்க நெருங்க பிடித்தம் அதிகமாகும். கடைசி நாட்களில் ஒரு பைசா கூட திரும்பாமல் போகலாம்.

இனிஷியலில் வரும் வம்பு

நம்ம ஊர்க்காரர்களுக்கு வரும் பெரிய தலைவலி பெயர்தான். ஆதாரில் இனிஷியலோடு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதி ஒரு மாதிரி, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்து இன்னொரு மாதிரி இருக்கும். எந்த அடையாள அட்டையை காட்டி கப்பல் ஏறப் போகிறோமோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டிலும் பெயர் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு துறைமுகத்துக்கு போகிற கப்பல் என்றால் கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் தேவை. பயணம் முடிகிற நாளில் இருந்து குறைந்தது 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருப்பது நல்லது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்கும் போது ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக் கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கப்பல் மலேசியா, தாய்லாந்து சுற்றி விட்டு மறுபடியும் சிங்கப்பூருக்குத்தான் வரும். எனவே 2-வது தடவை உள்ளே நுழையவும் விசா அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே நம்ம நேரத்தை விட இரண்டரை மணி நேரம் கூடுதல். விமானம் தாமதமானால் கப்பல் போய் விடும் என்பதால் ஒரு நாள் முன்பே போய் சேர்வது புத்திசாலித்தனம்.

கர்ப்பிணிகள் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பல நிறுவனங்கள் 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளை ஏற்றுவது இல்லை. 6 மாதத்துக்கு குறைந்த குழந்தைகளையும் பல கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள்.

கைப்பைதான் உயிர்

துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக் கொண்டு டேக் கட்டி அனுப்பி விடுவார்கள். அது ஸ்கேன் ஆகி அறை வாசலுக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும். எனவே அவசரத்துக்கு வேண்டியது எல்லாம் கையோடு இருக்க வேண்டும்.

கைப்பையில் வைக்க வேண்டியவை:

* டிக்கெட், பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, தனியாக ஒரு செட் ஜெராக்ஸ்
* சுகர், பி.பி., ஆஸ்துமா மருந்துகள். பயண நாட்களை விட 3 நாளுக்கு கூடுதலாக
* டாக்டர் சீட்டு. வெளிநாடு என்றால் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்க வேண்டும்
* மூக்குக் கண்ணாடி, செல்போன் சார்ஜர், பவர் பேங்க்
* ஒரு செட் மாற்று உடை, குழந்தை இருந்தால் டயாபர், பால் பவுடர்

இன்சுலின் போடுகிறவர்கள் அறையில் பிரிட்ஜ் வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் வைத்தியத்துக்கு தனி கட்டணம். நடுக்கடலில் இருந்து நோயாளியை கரைக்கு கொண்டு வர வேண்டி வந்தால் செலவு லட்சக்கணக்கில் போகும். அதற்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுப்பது பாதுகாப்பு.

பெரிய பெட்டியில் என்ன?

கப்பல் அறை வீட்டு பெட்ரூம் போல இருக்காது. சின்னதுதான். விலை குறைந்த அறையில் ஜன்னலே இருக்காது. கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற மாதிரி ஆளுக்கு ஒரு துணிப் பெட்டி போதும்.

உள்ளே ஏ.சி. குளிரும், மேல்தளத்தில் காற்று பிய்த்துக் கொண்டு போகும். எனவே ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், பெண்களுக்கு சேலைக்கு கூடுதல் பின், தலைக்கு ஸ்கார்ப் அவசியம். தளம் ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்காத ரப்பர் செருப்பு வேண்டும். நீச்சல் குளத்தில் லுங்கி, சேலை, காட்டன் சுடிதாரோடு இறங்க விட மாட்டார்கள். நீச்சல் உடை வாங்கிக் கொள்ள வேண்டும். ராத்திரி சாப்பாட்டு ஹாலில் பல கப்பல்களில் ஷார்ட்ஸ், பனியன் கூடாது. பேண்ட், சட்டை ஒரு செட் போதும்.

அறையில் பிளக் பாயிண்ட் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதுவும் நம்ம ஊர் மாடலாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு யுனிவர்சல் அடாப்டர் வைத்துக் கொள்ளலாம். நகையை வீட்டில் பத்திரமாக வைத்து விட்டு வருவதே நிம்மதி.

இதெல்லாம் கூடாது

கப்பலில் பெரிய பயம் தீ. அதனால் அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் காயில், கெட்டில், ஊதுபத்தி, கற்பூரம், மெழுகுவர்த்தி எதையும் விட மாட்டார்கள். சாமி கும்பிட்டு விளக்கேற்றும் பழக்கம் உள்ளவர்கள் 2 நாளைக்கு மனசுக்குள் கும்பிட்டுக் கொள்ள வேண்டியதுதான். கத்தி, அரிவாள்மனை, வெளி மதுபாட்டில் எல்லாமே ஸ்கேனில் மாட்டி விடும்.

புளிசாதம், சப்பாத்தி கட்டிக் கொண்டு போவதும் பொதுவாக நடக்காது. குழந்தை உணவுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கலாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் போதே சொல்லி விட வேண்டும்.

தலை சுற்றினால்...

கடல் மயக்கம் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று சொல்ல முடியாது. பஸ்சில் வாந்தி எடுக்கிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ் அடுக்குகளில் உள்ள அறையில் ஆட்டம் குறைவாக தெரியும். மயக்கம் வந்தால் செல்போனை பார்க்காமல், மேல்தளத்துக்கு போய் தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோட்டை பார்க்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. மாத்திரையை மயக்கம் வந்த பிறகு போடுவதை விட முன்பே போட்டால்தான் பலன். தூக்கம் வரும் என்பதால் டாக்டரை கேட்டு வாங்க வேண்டும். இஞ்சி மரப்பா 4 துண்டு பையில் இருந்தால் சிலருக்கு கைகொடுக்கும்.

சாப்பிடும் முன் சோப்பு போட்டு கை கழுவ வேண்டும். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்கு சானிடைசர் மட்டும் போதாது.

கரையை விட்டு தள்ளிப் போனதும் செல்போன் சிக்னல் போய் விடும். அதன் பிறகு கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கை போன் தானாக பிடித்தால் பில் எகிறும். ஏறியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு விட வேண்டும்.

சைரன் பயிற்சியை தட்டிக்கழிக்காதீங்க

கப்பல் கிளம்பும் நேரத்தில் உயிர் காக்கும் பயிற்சி நடக்கும். லைப் ஜாக்கெட் போடுவது எப்படி, ஆபத்து என்றால் எங்கே கூட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். 7 குறுகிய சைரன், ஒரு நீண்ட சைரன் அடித்தால் அவசரம் என்று அர்த்தம். செல்பி எடுக்கும் அவசரத்தில் இதை விட்டு விடக்கூடாது.

2012-ம் ஆண்டு ஜனவரி 13-ந்தேதி இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' என்ற சொகுசு கப்பல் பாறையில் மோதி கவிழ்ந்தது. 32 பேர் பலியானார்கள். அன்று புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டு 2015-ம் ஆண்டு ஜனவரியில் அமலுக்கு வந்தது.

நேரமும் வழியும்

கப்பல் மாலை 5 மணிக்கு கிளம்புகிறது என்றால் 5 மணிக்கு போவது அல்ல. ஏறும் கவுண்ட்டரை முன்பே மூடி விடுவார்கள். டிக்கெட்டில் எந்த நேரம், எந்த கேட் என்று போட்டிருக்கும். சென்னை துறைமுகம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரெயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. பாரிமுனை நெரிசலை நினைத்து 2 மணி நேரம் முன்கூட்டியே கிளம்புவது நல்லது. வழியில் ஊர் சுற்றிப் பார்க்க இறங்கினாலும் திரும்ப வேண்டிய நேரத்தை கையிலேயே எழுதி வைத்துக் கொள்ளலாம்.

போட்டிருக்கிற ஊருக்கு கப்பல் போயே தீரும் என்பதும் இல்லை. 2022-ம் ஆண்டு ஜூனில் 'எம்ப்ரஸ்' கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது பயணிகள் இறங்க அரசு அனுமதி கிடைக்கவில்லை. கரையை தொடாமலேயே கப்பல் சென்னைக்கு திரும்பியது. வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் சீசன் வேறு. வானிலை மோசமானால் கேப்டன் வழியை மாற்றலாம்.

கடைசியாக ஒன்று. இறங்குவதற்கு முந்தின ராத்திரியே பெரிய பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்லும் கப்பல்கள் உண்டு. மறுநாள் காலையில் போட வேண்டிய துணியையும் சேர்த்து பெட்டிக்குள் வைத்து பூட்டி விட்டால், நைட்டியோடும் லுங்கியோடும்தான் துறைமுகத்தில் வந்து இறங்க வேண்டி இருக்கும். ஒரு செட் துணியை வெளியே எடுத்து வைச்சுட்டு அப்புறம் பூட்டுங்க!