பேச்சு இலவசம், நம்பருக்குத்தான் காசு

வாட்ஸ்அப்பில் பேசினால் காசு மிச்சம் என்று சொல்லாத வீடு இன்று அரிது. மகள் சிங்கப்பூரில், மகன் பெங்களூரில், மாமா துபாயில் என்று ஆளுக்கொரு திசையில் இருந்தாலும் பேச்செல்லாம் நெட்டில்தான். சாதாரண போன் கால் என்பது சிலிண்டர் கொண்டுவருபவர், கூரியர் தம்பி, கடன் வேண்டுமா என்று கேட்கும் பேங்க்காரர் ஆகியோரோடு சுருங்கிவிட்டது. அப்படியானால் ரீசார்ஜ் செலவும் சுருங்கியிருக்க வேண்டுமே? இல்லை. 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்து விலையை ஏற்றின. ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் பேக் 299 ஆனது. வாட்ஸ்அப்பில் எத்தனை மணி நேரம் பேசினாலும் இந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையப்போவதில்லை.

ஏன் என்று புரிய, போன் பேசுவதற்கு நிமிடக் கணக்கில் காசு வாங்கிய காலத்துக்குப் போக வேண்டும். எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவுக்குள் நின்றவர்களுக்கு அந்தச் சிவப்பு எண்கள் ஓடியது மறந்திருக்காது. பேசுபவரின் கண் மீட்டரில், காது ரிசீவரில். இரவு 11 மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம்தான் என்பதால் வெளியூரில் மகனோ மகளோ இருக்கும் பெற்றோர் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு வரிசையில் நிற்பார்கள். செல்போன் வந்த பிறகும் 2003 மே வரை, வரும் அழைப்பை எடுத்தாலே காசு. மிஸ்டு கால் கொடுக்கும் கலையை இந்தியர்கள் கரைத்துக் குடித்தது சும்மா இல்லை.

அதே 2003 ஆகஸ்டில்தான் ஸ்கைப் வந்தது. எஸ்டோனியாவைச் சேர்ந்த நிரலாளர்கள் எழுதிக் கொடுக்க, சுவீடன்காரர் ஒருவரும் டென்மார்க்காரர் ஒருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பேச்சு இலவசம். தூரத்துக்கும் கட்டணத்துக்கும் இருந்த உறவை அது அறுத்துவிட்டது. இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 மே 5 அன்று, மைக்ரோசாஃப்ட் அதை மூடியபோது யாரும் பெரிதாக அழவில்லை. அதன் வேலையை எல்லாச் செயலிகளும் செய்யத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

நெட் வழிப் பேச்சு ஏன் இவ்வளவு மலிவு? பழைய டெலிபோனில் இரண்டு பேர் பேசினால் அவர்களுக்கென்று ஒரு பாதை முழுதாக ஒதுக்கப்படும். பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் அந்தப் பாதையில் வேறு யாரும் வர முடியாது. நெட்டில் அப்படி ஒதுக்கீடு எதுவும் கிடையாது. குரலை எண்களாக மாற்றி, பெரும்பாலும் 20 மில்லி விநாடிக்கு ஒரு துண்டாக நறுக்கி, மற்ற எல்லாருடைய வீடியோ, படம், மெசேஜ் நடுவே அனுப்பிவிடுகிறார்கள். நொடிக்கு 50 துண்டுகள். ஒன்றிரண்டு வழியில் தொலைந்தாலும் காது கண்டுபிடிக்காது. நிறையத் தொலைந்தால்தான் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பழைய லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்சுகள் ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் செலவழித்தன. 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் போன்ற புதிய முறைகள் அதில் பாதியிலும் குறைவாக எடுத்துக்கொண்டு அதைவிடத் தெளிவாகப் பேசவைக்கின்றன.

ஒரு மணி நேர வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு ஏறத்தாழ 30, 40 எம்.பி. ஆகும். தினம் 1.5 ஜி.பி. தரும் பேக்கில் 24 மணி நேரமும் வாய் மூடாமல் பேசினாலும் டேட்டா மிஞ்சும். வீடியோ கால் வேறு கதை. அது நிமிடத்துக்கு 5 எம்.பி. வரை விழுங்கும், படம் தெளிவாக வேண்டுமென்றால் இன்னும் கூடுதல்.

இந்த மலிவு போன் கம்பெனிகளுக்குப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல், நெட் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. கிளம்பிய எதிர்ப்பில் சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கும் விஷயத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது என்று டிராய் விதி போட்டது. இன்று வாட்ஸ்அப் காலுக்கும் யூடியூப் வீடியோவுக்கும் ஒரே டேட்டா விலை என்றால், அந்தச் சண்டையில் மக்கள் ஜெயித்ததுதான் காரணம்.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து ஆட்டத்தையே மாற்றியது. பேக் போட்டால் உள்நாட்டு அழைப்புக்குத் தனிக் காசு கிடையாது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே அந்த வழிக்கு வந்தன. அதாவது, நெட்டில் பேசி எந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைத்தோமோ, அந்த நிமிடக் கட்டணமே உள்நாட்டில் மறைந்துபோனது. இப்போது நாம் கொடுப்பது பேச்சுக்கு அல்ல. சிம் உயிரோடு இருப்பதற்கு, அதாவது நம்பருக்கான வாடகை. கூடவே, தேவையோ இல்லையோ, ஒரு வண்டி டேட்டாவும் கட்டித் தரப்படுகிறது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. 2009இல் வந்த கூகுள் வாய்ஸில் ஒரு அமெரிக்க நம்பரே கிடைக்கும். அதிலிருந்து அமெரிக்கா, கனடாவில் உள்ள எந்தச் சாதாரண போனையும் அழைக்கலாம். 2011 நவம்பரில் ரிபப்ளிக் வயர்லெஸ் என்ற நிறுவனம் மாதம் 19 டாலருக்குச் சேவை தொடங்கியது: வைஃபை இருக்குமிடத்தில் அழைப்பு அதன் வழியே போகும், இல்லாத இடத்தில் மட்டும் ஸ்பிரின்ட் டவரைத் தேடும். டவருக்குக் கொடுக்கும் வாடகை குறைந்ததால் மாதக் கட்டணத்தையும் குறைக்க முடிந்தது. நம் ஊரில் செயலி ஒன்று அப்படித் தன்னிச்சையாகப் போன் நம்பர்களை அழைத்துவிட முடியாது. 2002 ஏப்ரல் 1 முதல் இணையப் பேச்சுக்கு அனுமதி உண்டு என்றாலும், அது உள்நாட்டுப் போன் நம்பர்களைத் தொட விடப்படவில்லை. 2018இல்தான் லைசென்ஸ் உள்ள நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஜூலையில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற சேவையை அறிவித்தது. சிம் இல்லாமலே ஒரு நம்பர், ஆண்டுக்கு 1,099 ரூபாயும் வரியும். பேக் போட்டாலே பேச்சு இலவசம் என்று ஆன நாட்டில் அதற்கு யார் வரிசையில் நிற்பார்கள்?

அப்படியானால் இங்கே காசை எங்கே பிடிப்பது? டேட்டாவில்.

2024 டிசம்பர் 23 அன்று டிராய் கொண்டுவந்த திருத்தம் இதற்கு வழி செய்தது. பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும். 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம். பட்டன் போன் வைத்திருக்கும் சுமார் 15 கோடிப் பேரை மனதில் வைத்து வந்த விதி இது. டேட்டாவே இல்லாத போனுக்கு டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆனால் வீட்டில் வைஃபை உள்ள ஸ்மார்ட்போன்காரர்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

2025 ஜனவரியில் ஏர்டெல் இந்த வகையில் முதலில் ஒரு விலை சொல்லி, டிராய் பரிசீலிக்கப்போவதாகச் சொன்னதும் குறைத்தது: 84 நாளுக்கு 469 ரூபாய், ஓராண்டுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448. அப்போது தினம் 2 ஜி.பி. தரும் ஏர்டெல் ஆண்டு பேக் 3,599 ரூபாய். (விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை; வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.)

தஞ்சாவூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனைவியும். மகன் வாங்கிப்போட்ட ஃபைபர் இணைப்பு டி.வி.க்கு அருகே பச்சை விளக்கோடு கண்சிமிட்டுகிறது. அம்மா வெளியே போவது கோயிலுக்கும் மளிகைக் கடைக்கும். பேரனோடு வீடியோ கால், பக்திப் பாடல், சீரியல் எல்லாம் வைஃபையில்தான். அவர் போனின் 'செட்டிங்ஸ்' போய் மாத டேட்டா உபயோகத்தைத் திறந்தால், வைஃபை பக்கம் பத்து இருபது ஜி.பி. நிற்கும், மொபைல் டேட்டா பக்கம் சில நூறு எம்.பி. தாண்டாது. அந்தச் சில நூறு எம்.பி.க்காக ஆண்டுக்கு 1,750 ரூபாய் கூடுதல். இரண்டு போனுக்கு 3,500.

இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. ஃபைபர் இல்லாத வீட்டில் இதற்காகவே புதிதாகப் போடுவதில் அர்த்தமில்லை. மாதம் 399 ரூபாய்த் திட்டம் என்றாலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 5,650 ஆகிவிடும். இரண்டு பேர் மிச்சம் பிடிக்கும் 3,500 எந்த மூலைக்கு? நான்கு போன் உள்ள வீடானால் தட்டு மறுபக்கம் சாயும். தினம் பைக்கில் சுற்றும் ஆளுக்கோ, பஸ்ஸில் ரீல்ஸ் பார்க்கும் கல்லூரி மாணவருக்கோ டேட்டா இல்லாத பேக் சரிப்படாது. மளிகைக் கடையில் ஜிபே செய்பவர்களும் யோசிக்க வேண்டும். வாசலைத் தாண்டினால் அந்தச் செயலி ஓடாது.

பேச்சு மட்டும் உள்ள பேக்குக்கு நல்ல துணை வைஃபை காலிங். இதை வாட்ஸ்அப் காலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தனிச் செயலி வேண்டாம், புது நம்பர் வேண்டாம். வழக்கமான டயலரில் வழக்கம்போல் அடித்தால் போதும். டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாக, கம்பெனியின் நெட்வொர்க் வரை பூட்டிய சுரங்கம்போல் ஒரு பாதை அமைத்து அழைப்பு போகிறது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில், அடுக்ககத்தின் உள்ளறைகளில் சிக்னல் கிடைக்காமல் மாடிக்கு ஓடுபவர்களுக்கு இது வரம். கூடுதல் காசு கிடையாது. போன் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்பதை ஒருமுறை இயக்கினால் சரி. பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினால் அழைப்பு தானாக டவருக்கு மாறும், பெரும்பாலும் துண்டிக்காமல்.

நெட் அழைப்பு இன்றும் அசல் காசை மிச்சப்படுத்தும் இடம் ஐ.எஸ்.டி. கடல் தாண்டினால் இப்போதும் பல பேக்குகளில் நிமிடக் கணக்குதான். ஆனால் தமிழர்கள் அதிகம் வேலைக்குப் போகும் வளைகுடாவில்தான் இதற்கு முட்டுக்கட்டையும் அதிகம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. அனுமதி பெற்ற போத்திம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். தொடக்கத்தில் அதற்கே மாதம் 50 திர்ஹம் சந்தா கேட்டார்கள். அன்றைய மதிப்பில் 900 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சவுதி 2017 செப்டம்பரில் தடையைத் தளர்த்தியது. அமீரகத்தில் நண்பர் சொன்னார் என்று வி.பி.என். போட்டுப் பேசுவது ஆபத்து. குற்றம் செய்யவோ மறைக்கவோ அதைப் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்க அமீரகச் சட்டத்தில் இடமுண்டு. ஊரிலிருக்கும் குடும்பம் போத்திமைத் தன் போனில் ஏற்றிக்கொள்வதுதான் நேர்வழி.

நெட்டே போதும், ரீசார்ஜே வேண்டாம் என்று போய்விடலாமா? கூடாது. வாட்ஸ்அப்பில் 108ஐயோ 112ஐயோ கூப்பிட முடியாது. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும்; இன்வெர்ட்டரில் இணைக்காத வீட்டில் அந்த நேரம் டவர்தான் கதி. பேங்க் ஓ.டி.பி. வருவது சிம்முக்கு. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு, கணக்குத் தொடங்கிய சிம் போனுக்குள் இருந்தால்தான் வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவை இயங்க வேண்டும் என்கிறது. காலாவதியான நம்பரில் வாட்ஸ்அப்பை மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. இரண்டாவது சிம்மைச் சும்மா வைத்திருப்பவர்களுக்கு 2013ஆம் ஆண்டு விதி ஒன்று கைகொடுக்கும்: 90 நாள் உபயோகிக்காவிட்டாலும் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும். அதற்காக அழைப்புகள் தடையின்றி வரும் என்று எண்ணிவிடக் கூடாது. நம்பர் பறிபோகாது, அவ்வளவுதான்.

டேட்டா இல்லாத பேக்குகள் கம்பெனிச் செயலிகளில் தேடினால்தான் கண்ணில் படும். முன்வரிசையில் நிற்பவை டேட்டா பேக்குகளே. கடைக்காரரும் வழக்கமானதைத்தான் போட்டுவிடுவார். ஆகவே அடுத்த ரீசார்ஜுக்கு முன் பெற்றோரின் போனை வாங்கி, கடந்த மாதம் மொபைல் டேட்டா எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஜி.பி.க்குக் கீழே இருந்தால் 'பேச்சு மட்டும்' பேக்கைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவசரத்துக்கு அதன்மேல் டேட்டா போட முடியுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.