உங்களுக்குத் தெரியுமா? நள்ளிரவிலும் மணியடித்துச் சோறு!

தஞ்சை மராட்டியர் காலத்துச் சத்திரங்களில் நள்ளிரவில் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாத வழிப்போக்கர் எவர் இருந்தாலும் வரலாம் என்று கூவி அழைத்துச் சோறு போடுவார்கள்!

• 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொன்னவர் இரண்டாம் சரபோஜி மன்னர்.

• எல்லாச் சாதியினருக்கும் உணவு. சமைத்ததை ஏற்காதவருக்கு அரிசியாகவே கொடுத்தார்கள். நோயில் விழுந்தவர் குணமாகும்வரை தங்கலாம், வைத்தியமும் உண்டு. வந்த இடத்தில் பிள்ளை பெற்ற தாய்க்கும் மருந்து, பராமரிப்பு. எவ்வளவு பெரிய மனசு!

• இச்சத்திரங்களில் ஒன்றான ஒரத்தநாடு முத்தம்பாள் சத்திரத்தின் முகப்பு, குதிரையும் யானையும் இழுக்கும் தேர்போல இருக்கும்.

• அன்று வழிப்போக்கருக்குச் சத்திரம்; நம் காலத்தில், வண்டியையே வீடாக்கி வருவோருக்கு வாகமணில் 2022-இல் கேரவன் பூங்கா திறந்தது கேரளம்.