வேலி பூத்தால் தோட்டம் காய்க்கும்

யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தையில் வந்து இறங்கும் மரக்கறிகளை ஒருமுறை பூவின் கணக்கில் பார்க்கலாம். பூசணி, பாகல், வெள்ளரி மூன்றிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. பூ விரிந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீ அதைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால், பெண்பூவின் அடியிலிருக்கும் பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும். முருங்கைப் பூவுக்குக் கருவண்டு வர வேண்டும். இரவில் விரியும் புடலம்பூவுக்கு அந்துப்பூச்சி வர வேண்டும். எல்லாப் பயிரும் பூச்சியை நம்பியிருக்கிறது என்று சொல்வதும் சரியல்ல. சின்ன வெங்காயத்தைக் குமிழாக நடுகிறோம், மரவள்ளியைத் தடியாக நடுகிறோம், புகையிலை தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும். உலகக் கணக்கும் இப்படிக் கலந்ததுதான். 2007 இல் வெளியான ஆய்வொன்று 115 முக்கிய உணவுப் பயிர்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 87 பயிர்களுக்கு மகரந்தம் சுமக்கும் உயிர்களால் ஏதோவொரு அளவில் பயன் இருந்தது. ஆனால் அந்த 87 உம் சேர்ந்து மொத்த உணவு உற்பத்தியில் ஏறத்தாழ 35 சதவீதம் மட்டுமே. நெல்லும் கோதுமையும் சோளமும் காற்றாலும் தாமாகவும் விளைகின்றன. அந்த 35 சதவீதத்துக்குள் வருபவைதான் பழமும் மரக்கறியும், அதாவது வலிகாமத்துச் செம்மண்ணில் கமக்காரர் பாடுபட்டு விளைவிப்பவை.

மகரந்தம் சுமக்கும் இந்தப் பூச்சிகளுக்கென்று யாழ்ப்பாணத்தில் எவரும் தனித் தோட்டம் வைத்ததில்லை. வைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் வேலி இருந்தது. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நின்றன. அவற்றில் கொவ்வையும் குறிஞ்சாவும் படர்ந்தன. அடியில் ஆடாதோடையும் தும்பையும் நாயுருவியும் கேட்பாரின்றிப் பூத்தன. பட்டுப்போன கதியாலைத் துளைத்துக் கருவண்டு கூடு வைத்தது. மண்வெட்டி படாத வேலியோரத்தில் நிலத்துக்குள் வாழும் தேனீக்கள் வளை தோண்டின. இன்று வளவுகளைச் சுற்றி மதில் எழுந்துவிட்டது. மதில் வீட்டுக்குக் காவல், எல்லைச் சண்டைக்கும் ஒரு முடிவு. ஆனால் அதில் பூவும் இல்லை, பொந்தும் இல்லை. ஆகவே மகரந்தத் தோட்டம் என்று இன்று உலகம் பேசுவதை நாம் வெளியிலிருந்து கற்கத் தேவையில்லை என்பதே என் வாதம். தனித்தனி வளவுகளில் இழந்த வேலியை ஊர்ப் பொது நிலத்தில் ஊராகச் சேர்ந்து திரும்ப நட்டால், அதுவே நமக்கான மகரந்தத் தோட்டம்.

அந்தத் தோட்டத்தில் ஏன் உள்ளூர்ச் செடி வேண்டும் என்பதற்குக் கத்தரிப்பூ ஒன்றே போதிய சாட்சி. ஊதாநிற இதழ்களின் நடுவில் மஞ்சள் குழல்களாக நிற்பவை அதன் மகரந்தப்பைகள். அவை வெடித்துத் திறப்பதில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் மிகச் சிறிய துளைதான் உண்டு. வயிற்றில் நீல வரி ஓடும் காட்டுத் தேனீ ஒன்று அந்தக் குழல்களை இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடலை மட்டும் அதிரச் செய்கிறது. அப்போது ஒரு ரீங்காரம் கேட்கும். மகரந்தம் அந்தத் துளைகளால் தூளாகச் சொரியும். கருவண்டும் இப்படி அதிரச் செய்யும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. கத்தரி ஓரளவு காற்றின் அசைவிலும் காய்க்கும் என்றாலும், இந்த அதிர்வு கிடைத்த பூக்களில் காய்ப்பிடிப்பு கூடும். நம் ஆவரசம்பூவின் மகரந்தப்பையும் இதே அமைப்புத்தான். சோளகம் வீசித் தோட்டத்தில் பூ குறையும் காலத்தில் வறட்சியைத் தாங்கி நிற்கும் ஆவரசு, கத்தரிக்குத் தேவையான அதே தேனீக்கு மகரந்தம் தருகிறது. கத்தரியிலும் ஆவரசிலும் தேன் இல்லை. அதற்குத் தும்பையும் துளசியும் ஆடாதோடையும் பக்கத்தில் வேண்டும். ஒரு செடி மட்டும் போதாது, கூட்டாக நட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வண்ணத்துப்பூச்சிக்கும் அப்படித்தான். உண்ணிச்செடியில் அது தேன் குடிக்கும், ஆனால் முட்டையிடத் தேசியும் கறிவேப்பிலையும் எருக்கலையும் தேடும். அந்த இலையைத் தின்னும் புழுவை நசுக்கிவிட்டு வண்ணத்துப்பூச்சியை எதிர்பார்க்க முடியாது.

தேனீப் பெட்டி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். தேனுக்கு அது நல்லது. ஆனால் உலகெங்கும் 41 பயிர்முறைகளை ஒப்பிட்டு 2013 இல் வந்த ஆய்வு, வளர்ப்புத் தேனீயைவிடக் காட்டுப் பூச்சிகளின் வருகை காய்ப்பிடிப்பை இரு மடங்கு பயனுள்ளதாகக் கூட்டியது என்று கண்டது. பற்றை வளர்த்தால் பாம்பும் நுளம்பும் வரும் என்ற பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. டெங்கு நுளம்பு பெருகுவது சிரட்டையிலும் ரயரிலும் தேங்கும் தண்ணீரில். பாம்பு தேடுவது குப்பையும் கற்குவியலும் தரும் எலியை. இரண்டுக்கும் மருந்து வேலியடியைத் துப்புரவாக வைத்திருப்பதே. தனித்து வாழும் தேனீக்கள் பிடித்து நெரித்தாலன்றிக் கொட்டுவதில்லை. கொசுத்தேனீக்குக் கொடுக்கே வேலை செய்யாது. இவற்றைவிடக் கடினமான கேள்வி கமக்காரருடையது: மருந்தடிக்காமல் தோட்டம் செய்ய முடியுமா? 2021 இல் இலங்கையில் இரசாயன உரமும் கிருமிநாசினியும் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டபோது கமக்காரர் பட்ட துன்பத்தை நாடு மறக்கவில்லை. இங்கே அப்படிக் கேட்கவில்லை. தேனீ பூவில் நிற்கும் காலைப்பொழுதைத் தவிர்த்து, மாலை சாய்ந்த பின் தேவையான அளவுக்கு மட்டும் அடித்தால் தேனீக்களின் இழப்பு பெரிதும் குறையும். அந்தச் சின்ன மாற்றம்கூடத் தோட்டக்காரரின் சம்மதத்தோடுதான் நடக்கும். ஆகவே அவர்கள் இந்த வேலையில் முதல் ஆட்களாக இருக்க வேண்டும்.

தொண்டர்களால் இதைக் கட்டிக்காக்க முடியுமா? சென்னைக் கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டப்பட்டுக் கிடந்த அரச நிலமொன்றை ‘நிழல்’ அமைப்பின் தொண்டர்கள் உள்ளூர் மரங்களை நட்டுச் சோலையாக்கினார்கள். நடுகை விழாவோடு நின்றுவிடாமல் வாராவாரம் வந்து களை பிடுங்கித் தண்ணீர் ஊற்றியதுதான் அந்த இடத்தைக் காப்பாற்றியது. நம்மிடமும் ஆள்பலம் உண்டு. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடிப் படையணி இருக்கிறது. மருதனார்மடத்தில் 1913 இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரி இருக்கிறது, ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது, சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு வரும் பழக்கம் இருக்கிறது. கார்த்திகையை வடக்கு மாகாண மரநடுகை மாதமாக அறிவித்ததும் பொருத்தமே, ஏனென்றால் நமக்கு மழை அப்போதுதான் கிடைக்கிறது. ஆனால் நட்ட கன்று தப்புமா என்பதைத் தீர்மானிப்பது அடுத்த சித்திரையிலிருந்து ஆவணி வரையான வெயில். கன்று நடும் நாளிலேயே அந்த ஐந்து மாதங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் முறையை வீடுவீடாகப் பிரித்து எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு வேரே தண்ணீரைத் தேடிக்கொள்ளும். மதிலை இடிக்கச் சொல்லவில்லை. மதிலுக்கு வெளியே, ஒழுங்கையோரத்தில், சனசமூக நிலைய வளவில், பாடசாலை எல்லையில் ஒரு பூவரசங் கதியாலும் நாலு ஆவரசும் அடியில் தும்பையும் நடுங்கள். தோட்டத்துக் கத்தரி அதற்குக் காயால் பதில் சொல்லும்.