நின்று நின்றே காலில் புண்! மாத்திரை உண்டு, ஆனால் கட்டுதான் முதல் வைத்தியம்

பெருமாநல்லூர்:-

பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டருக்கு ஏது நாற்காலி? செக்கிங் பெண்களும் நின்றபடிதான். ஒன்றரை ஷிப்டு என்றால் 12 மணி நேரம்!

வருடக்கணக்கில் இப்படி நின்றவர்கள் சிலருக்குக் காலில் நரம்பு நீலமாகச் சுருட்டிக்கொள்கிறது. கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கம், தோல் கறுக்கிறது. அரிப்பு. சொறிந்தால் புண். மாதக்கணக்கில் ஆறாது.

"தானா ஆறிடும்" என்று முதலில் மஞ்சள் பத்து. பிறகு மெடிக்கலில் ஒரு டியூப் ஆயின்மெண்ட். கிருமி பிடிக்காத புண்ணை அந்த டியூப் ஆற்றாது. காசுதான் கரையும்!

கோளாறு ரத்தக் குழாயில். அசுத்த ரத்தம் மேலே ஏறாமல் கணுக்காலில் தேங்குகிறது. அதனால் முதல் வைத்தியம், விரலடி முதல் முழங்கால் வரை இறுக்கமான கட்டு. அதோடு பென்டாக்சிபிலின் மாத்திரை, வழக்கமாக 400 மில்லிகிராம் தினம் 3 வேளை கொடுத்தால், புண் ஆறும் வாய்ப்பு கூடுவது பல நாட்டுச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்க வேண்டாம்.

இன்னொன்று. பீடி, சிகரெட்டால் ரத்தக் குழாய் அடைத்த காலில் இறுக்கிக் கட்டினால் கால் அழுகிவிடும். பாதத்தில் நாடி பார்த்த பிறகே கட்டு!

சர்க்கரைப் புண்

இது வேறு சங்கதி. பெரும்பாலும் உள்ளங்காலில் வரும். வலிக்காது. வலிக்காததுதான் வினை! கொண்டத்துக்காளியம்மன் கோவிலில் பங்குனியில் குண்டம் இறங்குகிற ஊர் இது. கால் மரத்த சர்க்கரைக்காரருக்குத் தீ சுட்டதே தெரியாது. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். முதலில் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.

இந்தப் புண்ணுக்கு ஐதராபாத் பாரத் பயோடெக் ஒரு ஜெல் தயாரித்தது. பெயர் ரீஜென்-டி. (கம்பெனியைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லா நம்ம திருத்தணிக்காரர்.) தோல் செல்களை வளரத் தூண்டும் புரதம் அதில் இருக்கிறது. அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோகனுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. சென்னை டாக்டர் விஜய் விசுவநாதன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட சோதனை முடிவில், ஜெல் போட்டவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறியது தெரிந்தது.

ஆனால் சர்க்கரை எகிறிக் கிடந்தால், புண் மேலேயே மிதித்து நடந்தால், எந்த ஜெல்லும் எடுபடாது. செத்த சதையை வெட்டி எடுத்து, பாரம் படாத செருப்போ மாவுக்கட்டோ போட்ட பிறகுதான் ஜெல்.

புண் கறுத்து நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஜெல் பேச்சே கிடையாது. அன்றைக்கே திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் தள்ளினால் விரலோடு போவது முழங்கால் வரை போகும்.