வறட்சி வளர்த்த ஆயுள்

நெவாடா மாநிலம் என்றால் பலருக்கும் லாஸ் வேகஸின் சூதாட்ட விளக்குகளோடு கதை முடிந்துவிடும். அங்கிருந்து வடக்கே காரில் ஐந்து மணி நேரம் போனால், யூட்டா எல்லையை ஒட்டி பேக்கர் என்ற சின்னஞ்சிறு ஊர் வரும். அதன் பின்னால் எழும் ஸ்நேக் மலைத்தொடரில் இருக்கிறது கிரேட் பேசின் தேசியப் பூங்கா. கிராண்ட் கேன்யனுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். இங்கே ஒன்றரை லட்சம் பேர் வந்தால் பெரிய கூட்டம். பக்கத்தில் ஓடும் 50ஆம் எண் நெடுஞ்சாலையை அமெரிக்காவிலேயே தனிமையான சாலை என்று 'லைஃப்' பத்திரிகை 1986இல் எழுதியது. குறையாகச் சொன்னதையே நெவாடாக்காரர்கள் விளம்பரமாக்கிக்கொண்டார்கள். பூங்கா பிறந்ததும் அதே ஆண்டு அக்டோபரில்தான்.

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்கே நிற்கும் சியரா நெவாடா மலைகள் பிழிந்துவிடுகின்றன. அதனால் இது மழைமறைவுப் பிரதேசம். பெய்கிற கொஞ்ச நீரும் கடலைப் பார்ப்பதில்லை. ஓடைகள் உப்புத்தரையில் போய் வற்றிவிடும். ஆனால் இந்தப் பாலைக்கு நடுவே வீலர் சிகரம் 3,982 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. அதன்மேல் ஏறும் 19 கிலோமீட்டர் சாலைதான் பூங்காவின் முதல் பாடம். அடிவாரத்தில் சாம்பல் நிறப் புதர்கள், பிறகு குட்டையான பின்யான் பைனும் ஜூனிப்பரும், அதற்கும் மேலே ஆஸ்பென், ஸ்ப்ரூஸ். கனடா வரை போய்ப் பார்க்க வேண்டிய காடுகளை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். பனியுகம் முடிந்து சமவெளி காய்ந்தபோது குளிரை நாடி மேலேறிய மரங்கள் இவை. சுற்றிலும் பாலை என்பதால் ஒவ்வொரு மலையும் ஒரு தீவாகிவிட்டது.

சாலை முடியும் இடம் சுமார் 3,000 மீட்டர் உயரம். சமவெளிக்காரர்களுக்கு மூச்சு வாங்கும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பிரிஸில்கோன் பைன் தோப்பு. பனியாறு என்றோ உருட்டிவந்து கொட்டிய பாறைக் குவியலில், மண் என்று சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில், முறுக்கிப் பிழிந்த உடம்போடு அந்த மரங்கள் நிற்கின்றன. பல மரங்களில் முக்கால்வாசி பட்டை உரிந்து வெறும் கட்டையாகத் தெரியும். செத்த மரம் என்று நகரப்போகும்போது, ஒரு கிளையில் மட்டும் பச்சை ஊசியிலைகள் கண்ணில் படும்.

இந்த மரத்தில் ஒவ்வொரு வேரும் தனக்கு நேர் மேலே உள்ள தண்டுப் பகுதிக்கு மட்டுமே நீர் கொடுக்கிறது. மண் அரித்து ஒரு வேர் செத்தால் அந்தப் பகுதி மட்டும் சாகும். மீதி மரம் ஆளைக் குறைத்த குடும்பம்போலச் செலவைச் சுருக்கிக்கொண்டு பிழைக்கும். ஆண்டில் சில வாரங்களே வளர்ச்சி. நூறு ஆண்டில் தண்டு ஓர் அங்குலம் பருத்தால் அதிகம். ஓர் ஊசியிலை முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட உதிராமல் இருக்கும். இவ்வளவு மெதுவாக வளர்வதால் மரம் இறுகி, பிசின் நிறைந்து, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இடம் கொடுப்பதில்லை. மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் காட்டுத்தீயும் பரவ வழியில்லை. இதே இனம் கீழே, ஈரமான நல்ல மண்ணில் மளமளவென்று வளர்ந்து, சில நூறு ஆண்டுகளில் விழுந்துவிடுகிறது.

1964இல், இப்பகுதி வனத்துறையின் கையில் இருந்தபோது, டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர் பழைய பனியாறுகளின் காலத்தைக் கணிக்க இங்கே வந்தார். ஒரு மரத்தில் துளைக்கருவியால் முழு மாதிரி எடுக்க முடியவில்லை. வனத்துறையின் அனுமதியோடு மரம் வெட்டப்பட்டது. உள்ளூர் மலை ஆர்வலர்கள் அதற்கு ஏற்கெனவே புரோமிதியஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். கரி எண்ணிய வளையங்கள் 4,844. பின்னர் எண்ணியவர்கள் 4,862 என்றார்கள். எண்ணிய இடம் மரத்தின் அடியைவிட உயரத்தில் இருந்ததால் உண்மை வயது இன்னும் கூடுதல். அன்றைக்கு அறியப்பட்ட எந்த மரத்துக்கும் அத்தனை வயது இல்லை. கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டியபோதே அதற்கு முந்நூறு வயது கடந்திருந்தது. கரியை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்களும் உண்டல்லவா. மரத்தின் ஒரு துண்டை பேக்கர் வருகையாளர் மையத்தில் வைத்திருக்கிறார்கள்.

பிரிஸில்கோன் வளையங்களால் வரலாறே திருத்தப்பட்டது. தொல்பொருள்களின் வயதைக் கணிக்கும் கரிம-14 முறை, காற்றில் அந்தக் கரிமத்தின் அளவு என்றும் மாறாதது என்று நம்பித் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் ஒயிட் மலைகளில் உள்ள இதே இன மரங்களின் வளையங்களை, செத்துக் கிடந்த கட்டைகளையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தபோது, பழைய பொருள்களின் வயதைப் பல நூறு ஆண்டுகள் குறைத்துச் சொல்லியிருந்தது தெரிந்தது. கணக்கைத் திருத்தியதும் மேற்கு ஐரோப்பாவின் பெருங்கல் கல்லறைகள் பல எகிப்தியப் பிரமிடுகளுக்கு மூத்தவை ஆகிவிட்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கட்டைகளை மக்கவிடாமல் காத்தது இதே வறட்சிதான்.

ஆள் நடமாட்டம் குறைந்த இந்தப் பூங்காவில் வேறு புதிர்களும் உண்டு. 2014இல் ஊழியர்கள் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்திருந்த வின்செஸ்டர் துப்பாக்கியைக் கண்டார்கள். 1882இல் தயாரானது. யார் வைத்துவிட்டுப் போனார்கள் என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

போகிறவர்கள் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போவது நல்லது. மற்ற மாதங்களில் மேல்சாலை பெரும்பாலும் பனியால் மூடிக் கிடக்கும். அடிவாரத்து லேமன் குகைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே எப்போதும் 10 டிகிரி என்பதால் ஸ்வெட்டரும் தேவை. அங்கே சுண்ணாம்புப் படிவுகள் கேடயங்களைப்போல இரட்டைத் தட்டுகளாக நீட்டிக்கொண்டிருக்கும். இத்தனை கேடயங்களை வேறு குகைகளில் காண்பது அரிது. இரவு தங்கினால் பால்வீதியை வெறுங்கண்ணால் பார்க்கலாம். 2016 முதல் இது சர்வதேச இருள்வானப் பூங்கா.

இப்போது மலை உச்சிகள் சூடாகின்றன. மரங்கள் வளரக்கூடிய எல்லை மேலேறும்போது, அந்தப் புது இடத்தைப் பல மலைகளில் லிம்பர் பைன் நாற்றுகள் முந்திப் பிடித்துவிடுகின்றன. ஐயாயிரம் ஆண்டு நின்ற கிழமரங்கள் இதையும் தாங்கிக்கொள்ளக்கூடும். அவற்றின் நாற்றுகளுக்கு இடம் கிடைக்குமா என்பதைத்தான் ஆய்வாளர்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.