எழ மறுக்கும் கணிப்பொறி

விசையை அழுத்துகிறோம். விளக்கு எரிகிறது, விசிறி சுழலும் ஓசையும் கேட்கிறது. ஆனால் வழக்கமாகத் தோன்றும் படம் தோன்றவில்லை. கருந்திரையில் வெண்ணிறத்தில் ஓரிரு சொற்கள்; அவ்வளவே. "லேப்டாப் போய்விட்டது" என்கிறார் வீட்டில் ஒருவர். "கடையில் கொடுத்து பார்மட் போட்டுவிடலாம்" என்கிறார் மற்றொருவர். முதற்கூற்று பெரும்பாலும் உண்மையன்று. இரண்டாம் கூற்றோ, சில வேளைகளில், திரும்பப் பெறவியலாத இழப்பைத் தந்துவிடுகிறது.

அனந்தபுரத்தில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று. தந்தை காலமாகிவிட்டார். மகள் பிளஸ் டூ பயின்றபோது அரசு வழங்கிய மடிக்கணினியில்தான் அவருடைய நிழற்படங்களும், அவர் பேசிப் பதிந்த குரலும் இருந்தன. ஒரு நாள் அது எழ மறுத்தது. பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றது. மறுநாள் புதிதுபோல் திரும்பி வந்தது. உள்ளே இருந்தவை ஒன்றும் இல்லை. "வேண்டியவை ஏதேனும் உள்ளனவா?" என்று கடைக்காரர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. பின்னர் உறவினர்களின் கைப்பேசிகளில் தேடியதில் சில படங்கள் கிடைத்தன. குரல் கிடைக்கவில்லை. அந்தத் தாய் நம்மிடம் கேட்டார்: "சாமி, மிஷின்தானே எழும்பாம போச்சு? அவர் படமெல்லாம் எப்படிப் போச்சு?"

பொருள் பொதிந்த வினா இது. இதற்கு விடை காணவே இக்கட்டுரை.

கோட்டையும் வாயில்களும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மீது ஏறியவர்கள் அறிவர். அடிவாரத்திலிருந்து உச்சிவரை வாயிலுக்குமேல் வாயில்; ஒன்றைக் கடந்தால்தான் அடுத்தது. உச்சியை நெருங்கும்போது பாறை பிளந்து நிற்கிறது. அப்பிளவைப் பாலத்தின் வழியே கடக்கவேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் எவரும் மேலே செல்ல இயலாது. ஆயினும் உச்சியிலுள்ள களஞ்சியமும் கோவிலும் அப்படியே இருக்குமன்றோ?

கணிப்பொறி எழுவதும் இவ்வாறே. முதல் வாயில் மின்சாரம். இரண்டாவது, மதர்போர்டு எனும் தாய்ப்பலகையில் நிலையாகப் பதிந்துள்ள ஒரு சிறு நிரல். பழைய பொறிகளில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. அது நினைவகத்தையும் மற்ற உறுப்புகளையும் சோதித்துப் பார்க்கிறது. மூன்றாவது, ஹார்ட் டிஸ்க் எனும் வட்டைக் கண்டறிதல். நான்காவதே நாம் கூறிய பாலம். அதனைப் பூட் லோடர் என்பர். பழைய முறையில் அதன் தொடக்கம் வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் அடங்கியிருக்கும். ஓர் அஞ்சலட்டைச் செய்தியளவே அது. அதனைக் கடந்த பின்னரே விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் விழித்தெழுகிறது.

நம் படங்களும் கடிதங்களும் வட்டில் வேறிடத்தில் உள்ளன. பாலம் இடிந்ததால் அவை அழிவதில்லை. பாலத்தைச் செப்பனிடாமல் கோட்டையையே இடித்துப் புதிதாகக் கட்டும்போதுதான் அழிகின்றன. பார்மட் என்பது அதுவே.

எந்த வாயிலில் நின்றது?

ஆகவே முதலில் கேட்கவேண்டியது, "எங்கே நின்றது?" என்பதே. அடையாளங்கள் சிலவற்றைக் காண்போம்.

விளக்கே எரியவில்லையெனில் முதல் வாயில். சார்ஜரையும் மின்செருகியையும் மாற்றிப் பார்க்க. சார்ஜரைப் பிரித்துவிட்டு, கழற்றக்கூடிய பாட்டரியாயின் அதனையும் கழற்றி, விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பின் மீண்டும் இணைத்துப் பார்த்தலும் பயன் தரும்.

விளக்கு எரிந்தும் திரை இருண்டு, "பீப்" ஒலி மட்டும் கேட்குமாயின், பெரும்பாலும் ராம் எனும் நினைவகப் பட்டை சரிவரப் பொருந்தவில்லை எனக் கருதலாம். மின்னிணைப்பை முற்றும் நீக்கியபின் அதனைக் கழற்றித் துடைத்துப் பொருத்த, பல பொறிகள் எழுந்துவிடும்.

மேசைக் கணிப்பொறியில் நாளும் மணியும் அடிக்கடி பின்னோக்கிச் சென்றால், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி தீர்ந்திருக்கும். அது தீர்ந்தால், எந்த வட்டிலிருந்து எழவேண்டும் என்ற அமைப்பும் மாறிவிடக்கூடும்.

பூட் செய்வதற்குரிய வட்டு இல்லையென்று ஆங்கிலத்தில் எழுத்துத் தோன்றினால், முதலில் செருகியிருக்கும் பென் டிரைவை எடுத்துவிடுக. பொறி அதிலிருந்து எழ முயன்று தோற்றிருக்கலாம். பின்னர் பயாஸ் திரையைத் திறந்து வட்டின் பெயர் தெரிகிறதா எனக் காண்க. தெரிந்தால் வட்டு உயிரோடு உள்ளது, பழுது பாலத்தில். தெரியாவிட்டால் இணைப்புக் கம்பியிலோ வட்டிலோ பழுது. வட்டிலிருந்து "டிக் டிக்" என்ற ஓசை விடாது வந்தால் உடனே அணைத்துவிடுக. மீண்டும் மீண்டும் எழுப்பிப் பார்த்தல் நோயாளியை ஓடவிட்டுச் சோதிப்பதற்கு ஒப்பாகும்.

விண்டோஸ் சின்னம் தோன்றித் தோன்றி மறைந்தால் பாலத்தையும் கடந்தாயிற்று, உள்வீட்டில்தான் குழப்பம். சேஃப் மோட் எனும் எளிய நிலையில் எழுப்பி, அண்மையில் சேர்த்ததை நீக்கினால் பலவேளைகளில் சீராகும்.

பாலம் மட்டும் இடிந்த கதை

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. பொறி எழும்போது, இரண்டில் எது வேண்டும் எனக் கேட்கும் பாலத்தின் பெயர் கிரப். அதன் பெரும்பகுதி லினக்ஸ் இருந்த பகுதியில்தான் இருந்தது. இதனை அறியாத மாணவர் சிலர், இடம் போதவில்லையென்று லினக்ஸ் பகுதியை அழித்தனர். அடுத்தமுறை விசையை அழுத்தியதும் "கிரப் ரெஸ்க்யூ" என்ற சொற்களோடு திரை நின்றுவிட்டது. விண்டோஸும் வரவில்லை!

இவ்வாறு நின்ற மடிக்கணினியுடன் கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் வந்தார். பருவத் தேர்வுக்குரிய கட்டுரை அதனுள் இருந்தது. முந்தைய குடும்பத்தின் கண்ணீர் நம் நினைவில் இருந்ததால், "எவரும் பார்மட் செய்யவேண்டாம்" என்றோம். விவரம் அறிந்த இளைஞர் ஒருவர், பென் டிரைவிலிருந்தே எழும் லினக்ஸைக் கொண்டு முதலில் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுத்தார். பின்பு விண்டோஸ் நிறுவல் பென் டிரைவில் எழுப்பி, பூட்ரெக் எனும் கட்டளையால் விண்டோஸின் சொந்தப் பாலத்தை அமைத்தார். கோப்பு ஒன்றும் அழியவில்லை.

உலகமே நின்ற ஒரு வெள்ளிக்கிழமை

இது சிற்றூர்க் கதை மட்டுமன்று. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் எனும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையில் வீழ்ந்து எழ மறுத்தன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸ் எனும் ஏறுகைச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். அந்நிறுவனம் 78 நிமிடங்களில் தவற்றைத் திருத்திவிட்டது. ஆனால் வீழ்ந்த பொறி எழுந்தாலன்றோ திருத்தத்தைப் பெறும்? எனவே எத்தனையோ அலுவலகங்களில் ஒவ்வொரு பொறியின் முன்னும் ஒருவர் அமர்ந்து, சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கவேண்டியதாயிற்று. நீக்கியதும் எழுந்தன. இத்துணைப் பெருவீழ்ச்சிக்கும் மருந்து பார்மட் அன்று!

இல்லங்களுக்குச் சில சொற்கள்

கடையில் கொடுக்குமுன், "கோப்புகளை முதலில் எடுத்துத் தாருங்கள்; எங்களைக் கேளாமல் பார்மட் செய்யாதீர்கள்" என்று ஒரு தாளில் எழுதியே கொடுங்கள். தவறிச் செய்துவிட்டார்களெனில் பொறியை உடனே நிறுத்துங்கள். பழையதன்மேல் புதியது பதியாதவரை சிலவற்றை மீட்க வாய்ப்புண்டு, பதிந்தபின் அரிது.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு பிட்லாக்கர் எனும் பூட்டுக்குள் உள்ளது. அதனைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். பொறி நலமாயிருக்கும்போதே அதனைத் தேடி, வீட்டுப் பத்திரங்களோடு எழுதி வையுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, இழக்க விரும்பாத எதனையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு நகல் வேறொரு வட்டில். மற்றொன்று வேறொரு வீட்டில். வட்டுக்கும் வயதுண்டு, ஒரு நாள் உச்சியே சரியக்கூடும்.

இன்று மாலையே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெற்றோரின் படங்களையும் குரலையும் நகலெடுத்து வையுங்கள். அந்தத் தாய் கேட்ட வினா இன்னொரு வீட்டில் எழாதிருக்கட்டும்.