விதியில் உறையும் அறிவு: இயற்கையைப் பயிற்றும் பலகை விளையாட்டுகள்

இயற்கையையும் அறிவியலையும் பலகை, காய், சீட்டு ஆகியவற்றால் பயிற்றும் விளையாட்டுகள் இந்நாளில் பல உள. அவற்றுட் சில, வினாவிடை நூலைச் சீட்டுகளாக வெட்டி வைத்தாற் போன்றவை. சீட்டிலுள்ள செய்தியை நீக்கி வேறொன்றை எழுதினும் ஆட்டம் மாறாது. அவற்றைக் கல்வி விளையாட்டு என்பதினும் விளையாட்டு வேடம் பூண்ட தேர்வு என்பதே பொருந்தும். கற்பிக்கும் பொருள் சீட்டின் முகத்தில் அன்றி ஆட்டத்தின் விதியில் உறைதல் வேண்டும் என்பது எம் கருத்து.

ஆடுபுலி ஆட்டத்தை நோக்குக. புள்ளிகள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டும். அதன் பின்னே மற்றோர் ஆடு நிற்பின் தாண்டுதல் இயலாது. மந்தையாகச் சேர்தலே இரைவிலங்குக்குக் காப்பு என்று பலகையில் யாண்டும் எழுதப்படவில்லை. எனினும் இரண்டு மூன்று ஆடுகளை இழந்தவர் அதனைத் தாமே உணர்வர். பரமபதமோ வேறு வகையினது. ஏணிக்கும் பாம்புக்கும் நல்வினை தீவினைகளின் பெயர்கள் சூட்டப்பட்டாலும், ஏற்றமும் வீழ்ச்சியும் தாயத்தின் வழிப்பட்டனவேயன்றி ஆடுவோர் செயலின் வழிப்பட்டன அல்ல. (இதனை ஊழின் விளக்கமாகக் கொள்வாரும் உளர். அது வேறு ஆராய்ச்சி.)

அமெரிக்கரான எலிசபெத் ஹார்கிரேவ் அமைத்து 2019-இல் வெளிவந்த 'விங்ஸ்பான்' இவ்வகையில் ஆராயத் தக்கது. அதன் முதற்பதிப்பில் 170 பறவைச் சீட்டுகள் உள. ஒவ்வொன்றிலும் வாழிடம், உணவு, கூட்டின் வகை, சிறகு விரிப்பின் அளவு ஆகியன குறிக்கப்பெற்றுள்ளன. அவ்வளவு வெறும் அணியாக நின்றுவிடவில்லை. ஆந்தைச் சீட்டொன்றை உடையவர் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைத் திறந்து நோக்குவர். அப்பறவையின் சிறகு விரிப்பு 75 செ.மீ.க்குக் குறைந்ததாயின் இரையாகும். அன்றேல் ஆந்தை வறிதே மீளும். கவ்பேர்டு என்பது, நம் குயில் காக்கைக் கூட்டை நாடுதல் போலப் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் இனம். எதிராளர் முட்டையிடும் முறையைக் கொள்ளுங்கால், கவ்பேர்டை உடையவரும் கிண்ண வடிவக் கூடுடைய பறவையொன்றின் சீட்டில் ஒரு முட்டை வைப்பர். பறவையின் இயல்பே விதியாயிற்று. சீட்டுகளின் அடியில் அச்சிட்ட குறிப்புகளும் உள. அவற்றைப் பலர் படிப்பதில்லை.

ஐந்திணைக் கருப்பொருளைப் பயிற்ற எம் மாணாக்கர் ஒரு சீட்டாட்டம் அமைத்தபோது யாமும் உடன்பட்டோம். மரம், புள், விலங்கு ஆகியவற்றை உரிய நிலத்தோடு சேர்ப்பார்க்கு மதிப்பெண். இரண்டாம் முறை ஆடியபோதே அனைவரும் சீட்டின் விளிம்பு நிறத்தைக் கண்டு சேர்த்தனர். பெயரை ஒருவரும் படித்திலர். பிழை எம்முடையதே. தொல்காப்பியம் விதியைத் தந்திருந்தும் யாம் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வரின், வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்பது தொல்காப்பியர் கொள்கை. சீட்டை இடம் பெயர்த்தற்கு இதனினும் சிறந்த விதி வேண்டுமோ? பாலைக்கு அவர் தனி நிலம் கூறிலர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாதலைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆதலின் பலகையில் பாலைக்குக் கட்டம் வேண்டா. மழைச் சீட்டு வாராத சுற்றுகள் மிகுந்தால் அவ்விரு நிலங்களின் கட்டங்களும் மறுபுறம் திருப்பப்படும். மழை வரின் மீளும். இவ்வாறு மாற்றி ஆடியபின், பாலைக்கு ஏன் நிலமில்லை என்னும் வினா வகுப்பில் எழவே இல்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. திணை புலனெறி வழக்கு, உயிரியல் அன்று. இரண்டையும் ஒன்றெனக் காட்டும் ஆட்டம் இரண்டுக்கும் தீங்கு செய்யும். எனவே அறிவியற் பகுதியைத் தனியே அமைத்தல் நன்று. பாலைப் புள்ளாக எருவையையும் பருந்தையும் உரையாசிரியர் எண்ணுவர். பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் இந்தியாவில் பெரிதும் அழிந்தன. கால்நடைக்கு அளித்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊன் வழியே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம். அம்மருந்தைக் கால்நடைக்கு அளித்தல் 2006-இல் தடைசெய்யப்பட்டது. கழுகுச் சீட்டு நீங்கியதும் பிணச் சீட்டுகள் கட்டங்களில் குவிந்து நாய்ச் சீட்டுகள் பெருகுமாறு ஒரு விதி வரைந்துள்ளோம். பிணச் சீட்டுகள் எத்தனை வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. பன்னிரண்டு வைத்தபோது ஆட்டம் மூன்றாம் சுற்றிலேயே நின்றுவிட்டது.